மாமாவின் ஹெரால்டு ஸ்பெஷல்: 948 சிசி எஞ்சினை சோழவரம் காலத்துப் பாணியில் கட்ட யோசனை வேண்டும்

தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாந்தோப்புக் கொட்டகையில், மாங்காய்க் கிரேட்டுகளுக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்தி என் தாய்மாமாவின் கார் 28 வருடமாக நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966. நேரில் பார்த்தால் யாரும் ஹெரால்டு என்று சொல்ல மாட்டார்கள். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் என்பதால், மாமா அதன் மேல்பாடியைக் கழற்றிவிட்டு, பெங்களூரில் ஒரு டிங்கரிடம் சொல்லித் திறந்த இரண்டு சீட்டர் பாடி அடித்து வாங்கினார். கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். கூரையும் கிடையாது. மழை வந்தால் மாமா ஓட்டிக்கொண்டே குடை பிடிப்பாராம். அத்தை சொன்னது, எவ்வளவு உண்மையோ.

சோழவரத்தில் அந்தப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் இரண்டு வருடம் இதை அங்கே ஓட்டினார். ஜெயித்ததாக அவரே சொல்லிக்கொள்வதில்லை. ‘கடைசி ஆளா வரல’ என்பார், அவ்வளவுதான்.

நான் ஓசூரில் ஒரு ஆலையில் 19 வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து, இப்போது தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். கை வேலைக்குப் பயமில்லை, ஆனால் ரேஸ் எஞ்சின் கட்டியதில்லை. போன மாதம் எஞ்சினை இறக்கித் திறந்தேன். மூன்றாவது பிஸ்டனில் ரிங் மூன்றும் கல் மாதிரி ஒட்டியிருந்தன. பிஸ்டன் தலையில் 030 என்று குத்தியிருக்கிறது, அதாவது போரை (சிலிண்டர் துளையை) ஏற்கெனவே 30 தவ் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போரின் மேல்பக்கம் 8 தவ் தேய்மானம். சம்ப்பைக் கழற்றினால் அடியில் கருப்புச் சேற்றுக்குள் அரைநிலா வடிவில் ஒரு வாஷர் கிடந்தது. எங்கிருந்து விழுந்தது என்று தெரிய எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடுகிறது.

மாமாவுக்கு இப்போது 79. காது கொஞ்சம் மந்தம். வண்டியை ரேஸுக்குக் கொண்டுபோய்க் கிழிக்கப் போவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சுற்றினால் போதும். ஆனால் அந்தக் காலத்து ரேஸ் எஞ்சின் மாதிரியே இருக்க வேண்டும், 6000 ஆர்.பி.எம். தாங்க வேண்டும். போர் எவ்வளவு போகலாம்? கம்ப்ரஷன் எவ்வளவு? இங்கிலாந்திலிருந்து ரேஸ் கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரட்டை வெபர் கார்புரேட்டரும் வரவழைக்கலாமா என்று யோசிக்கிறேன். விலையைப் பார்த்தால் இந்த வருட மாங்காய்க் காசு முழுதும் போய்விடும்.

விசில், பர்கூர்

எதுக்கு அண்ணா இவ்வளவு வேலை? மாருதி எஞ்சின் ஒன்றை கியர்பாக்ஸோடு தூக்கி வைத்து, ஒரு அடாப்டர் பிளேட் அடித்துவிட்டால் சாவி போட்டதும் ஓடும். ஏசி கூட வைக்கலாம்.

தோப்புக்காரன்

கூரையில்லாத காருக்கு ஏசியா! ஓடும் தம்பி, நன்றாகவே ஓடும். அதற்கப்புறம் மாமா என் வீட்டில் கை நனைக்க மாட்டார்.

பழைய லேத், ஓசூர்

தம்பி, நீ போட்ட படம் பார்த்தேன். கிராங்கைக் கிரேட் மேல் படுக்க வைத்திருக்கிறாய். முதலில் அதை எடுத்து நிமிர்த்தி வை, இல்லையென்றால் ஃபிளைவீல் பக்கம் கயிறு கட்டித் தொங்கவிடு. மாதக்கணக்கில் படுத்தால் வளையும் என்பார்கள். அப்புறம் பேசலாம்.

நான் 36 வருடம் போரிங், கிராங்க் கிரைண்டிங் செய்தவன். ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் எல்லாம் கை வழியாகப் போனவைதான்.

‘அந்தக் காலத்து ரேஸ் எஞ்சின்’ என்கிறாய். யாருடைய அந்தக் காலம்? இங்கிலாந்தில் இதே குடும்பத்து எஞ்சினை 1147 சிசி ஆக்கி ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். 1965இல் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் அது தன் பிரிவில் முதலாவதாக வந்தது, மொத்தத்தில் 13ஆவது இடம். அதற்குக் கம்பெனியே தனியாக எட்டு வாய் (காற்றும் புகையும் போகும் துளை) ஹெட் வார்த்துக் கொடுத்தது, வெபர் வைத்தது. உன் மாமா ஓட்டின காலத்தில் இங்கே ஒரு பேரிங் செட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமென்றாலே இம்போர்ட் லைசென்ஸ் என்று அலைய வேண்டும். அதனால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஹெட்டைத் தேய்த்தார்கள், வாயை அரத்தால் அகலப்படுத்தினார்கள், இருக்கிற கேமையே திரும்ப அரைத்தார்கள், கிடைத்த கார்புரேட்டரைக் கோர்த்தார்கள். சோழவரம் பாணி என்றால் அதுதான். கேட்லாக் பார்த்து வாங்கிப் பூட்டினால் அது லண்டன் பாணி. மாமாவைக் கேள், அவர் என்ன வைத்திருந்தார் என்று.

வெபர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு உள்வாய் இரண்டுதான். 1க்கும் 2க்கும் ஒன்று, 3க்கும் 4க்கும் ஒன்று. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. அப்படியென்றால் ஒரே வாயில் 3 இழுத்து முடித்த கையோடு 4 இழுக்கும், அப்புறம் ரொம்ப நேரம் சும்மா இருக்கும். ஒரு சிலிண்டருக்கு ஒரு குழல் என்று கணக்குப் போட்டுச் செய்த வெபரை அங்கே வைத்து என்ன பிரயோசனம்? வாய்க்கு ஒன்றாக இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் போதும்.

போர் விஷயம். 030 ஏற்கெனவே போயாயிற்று. 8 தவ் தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், 040இல் சுத்தமாக வராது. நேரே 060 போ. 63 மி.மீ. போர் 64.5 ஆகும், ஸ்ட்ரோக் 76. கணக்குப் போட்டால் 994 சிசி. ஆயிரத்துக்கு உள்ளேயே நிற்கிறது. அதற்கு மேல் போகாதே, அப்புறம் லைனர் (உள்ளே புது உறை) அடிப்பதுதான். பிஸ்டன் கைக்கு வந்து, நான்கையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகு போருக்குக் கொடு. சைஸ் சொல்லிப் போர் பண்ணிவிட்டுப் பிஸ்டன் தேடுகிறவனை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய ஸ்டாக் தேடிப் பார்.

அந்த அரைநிலா வாஷர்தான் இந்த எஞ்சினுக்கு எமன். பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் உட்காருவது. நீ கிளச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னால் தள்ளப்படும், அந்த அழுத்தம் முழுதும் இதன் தலையில்தான். தேய்ந்து மெலிந்ததும் நழுவி சம்ப்பில் விழும். அப்படியே ஓட்டியிருந்தால் கிராங்க் முகமும் பிளாக்கும் கீறியிருக்கும். நகத்தால் தடவிப் பார். நகம் மாட்டினால் முகத்தைத் தேய்த்து, தடித்த ஓவர்சைஸ் வாஷர் போட வேண்டும். டயல் கேஜ் வைத்து ஆட்டம் 4 முதல் 8 தவ்வுக்குள் வர வேண்டும். எண்ணெய்ப் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். பிளாக்கைப் பார்த்து மாட்டினவனும் உண்டு.

6000 கேட்டாய். 76 ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டனுக்கு வினாடிக்குச் சராசரி 15.2 மீட்டர் வேகம். 7000 என்றால் 17.7. கிராங்குக்கு மெயின் பேரிங் மூன்றுதான், நடுவில் தாங்க ஒன்றே ஒன்று. 6000இல் நிறுத்திக்கொள். கனெக்டிங் ராடும் பிஸ்டனும் ஒரு கிராமுக்குள் எடை ஒத்துவரட்டும். கிராங்கை ஃபிளைவீல், கிளச் கவரோடு சேர்த்து பேலன்ஸுக்குக் கொடு, தனியாகக் கொடுக்காதே.

ஹெட்டைப் பற்றி நீ ஒன்றுமே சொல்லவில்லை. அளந்தாயா?

தோப்புக்காரன்

ஐயா, ரொம்ப நன்றி. கிராங்கைத் தொங்கவிட்டுவிட்டேன். மாமாவைக் கேட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. அவர் வைத்திருந்தது அம்பாசடரில் வரும் எஸ்.யூ. இரண்டு. மேனிஃபோல்டு பைப்பை வளைத்துப் பித்தளைப் பற்று வைத்தது. அதில் ஒன்று இன்னும் பரணில், பழைய பஞ்சாங்கத்தோடு இருக்கிறது.

ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டரின் சேம்பரும் (கலவை எரியும் குழி) எவ்வளவு கொள்கிறது என்று நேற்று அளந்தேன். வால்வையும் பிளக்கையும் மாட்டி, கிரீஸ் தடவி, மேலே ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு வைத்து, மாட்டு டாக்டரிடம் வாங்கிய சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டேன். நிறம் தெரிவதற்குக் கொஞ்சம் குங்குமம் போட்டேன், கரையவேயில்லை, வீண். முதல் சிலிண்டர் 31.0 சிசி, இரண்டு 31.4, மூன்று 31.7, நான்கு 32.1. இரண்டு தடவை அளந்தும் இதேதான். பெரிய வித்தியாசம் இல்லையே, விட்டுவிடலாமா?

பழைய லேத், ஓசூர்

விடாதே. எண்ணைத் திரும்பப் படி. ஒன்றிலிருந்து நான்குக்கு வரிசையாக ஏறுகிறது. சேம்பர் வார்ப்பில் குறை என்றால் இங்கொன்று கூட, அங்கொன்று குறைய என்று தாறுமாறாக இருக்கும். இது சாய்வு. எவனோ எப்போதோ ஹெட்டைச் சரியாக மட்டம் பார்க்காமல் பேஸிங் (முகம் சீவல்) அடித்திருக்கிறான். முன்பக்கம் அதிகம் சீவி, பின்பக்கம் குறைவு. இந்த வித்தியாசத்துக்கு 15 தவ் பக்கம் சாய்வு இருக்கும். கேஸ்கெட் பக்கத்தை நம்பாமல், ராக்கர் ஸ்டாண்டு உட்காரும் மேல்முகத்தைப் பிடித்து மட்டம் பார்க்கச் சொல்.

சாய்வை எடுக்கிற கையோடு கம்ப்ரஷனையும் பார்த்துக்கொள்ளலாம். 994இல் ஒரு சிலிண்டர் 248.5 சிசி. 9க்கு 1 வேண்டுமென்றால் மேலே மிஞ்சும் இடம் மொத்தம் 31. அதில் கேஸ்கெட் கனமும் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது உள்ள இடைவெளியும் சேர்ந்து மூன்றரை சிசி தின்னும். அது உன் கேஸ்கெட்டைப் பொறுத்தது, நீயே அளந்துகொள். ஆக சேம்பர் 27.5க்கு வர வேண்டும். ஏறக்குறைய 1.4 மி.மீ. சீவணும். 10க்கு 1 எல்லாம் ஆசைப்படாதே, வெயில் காலத்தில் கிருஷ்ணகிரி மேட்டில் நாக் அடித்தால் (கலவை தானாக வெடித்தால்) பிஸ்டன் ரிங் இடைவெளியில் உடையும்.

அவ்வளவு சீவினால் புஷ்ராடு (கேமின் தள்ளலை வால்வு ராக்கருக்குக் கொண்டுபோகும் குச்சி) நீளமாகிவிடும் என்று பயப்படுவாய். கேமைத் திரும்ப அரைக்கும்போது அதன் வட்டம் சின்னதாகி, அதன் மேல் உட்காரும் டேப்பட் கீழே இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட ஈடுகட்டும். மீதியை ராக்கர் ஸ்டாண்டு அடியில் ஷிம் வைத்துச் சரிசெய். டேப்பட் அடிப்பாகத்தையும் அரைத்துத்தான் போட வேண்டும். பழைய டேப்பட் மேல் புது கேம் ஓட்டினால் அரை மணி நேரத்தில் இரண்டும் காலி. எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டி சீட் அடிக்கச் சொல், 2000த்துக்கு அப்புறம் பெட்ரோலில் ஈயம் இல்லை, வார்ப்பு இரும்பு சீட் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

மெயின்ஜெட், தர்மபுரி

லேத் ஐயா சொன்னதற்கு மேல் எஞ்சினுக்குள் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேப் பார்க்கிறேன், பெட்ரோல் பக்கம் மட்டும் சொல்கிறேன் அண்ணா.

இப்போது பங்கில் கிடைப்பது இ20, 20 சதவீதம் எத்தனால். ஆக்டேன் அதிகம் என்பதால் 9க்கு 1 தாராளமாகத் தாங்கும். ஆனால் வெறும் பெட்ரோல் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால், இதற்கு 13.6 பக்கம்தான். மாமா காலத்து எஸ்.யூ. ஊசியை (பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது) அப்படியே போட்டால் கலவை மெலிந்துபோகும். அம்பாசடர் ஊசி 1489 சிசிக்கு ஒரே கார்புரேட்டர் என்று கணக்குப் பண்ணியது, உங்களுக்கு அது எப்படியும் ஒத்துவராது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிறதாக மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டாங்கைக் காலி செய்துவிட வேண்டும், தண்ணீர் இழுக்கும்.

இன்னொன்று. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். அங்கே காற்று கடலோரத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம் அடர்த்தி குறைவு. ஓசூரில் ட்யூன் செய்து சரியாக இருக்கிறதென்று நேரே இருங்காட்டுக்கோட்டை போனால், அங்கே அதே ஊசி மெலிந்த கலவையாகிவிடும். பிளக் நிறத்தை டிராக்கில் ஒரு தடவை திரும்பப் பாருங்கள்.

சோழவரம் கேலரி, சென்னை

பிறந்தது கிருஷ்ணகிரி பழையபேட்டை, சின்ன வயதில் சித்தப்பாவோடு சோழவரம் போய் வெயிலில் கருகினவன். கண் முன்னால் ஒரு ஹெரால்டு கவிழ்ந்ததைப் பார்த்ததால் சொல்கிறேன். எல்லோரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். அந்தக் காருக்குப் பின்னால் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு. வளைவில் வேகமாக நுழைந்து பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டீர்களென்றால், பின்பக்கம் தூக்கி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். அப்புறம் கார் உங்கள் பேச்சைக் கேட்காது. பின் லீஃப் ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, சக்கரம் கொஞ்சம் உள்சாய்வாக நிற்கும்படி வையுங்கள். பிரேக் முன்னாலும் டிரம்தான். எஞ்சினுக்கு ஒரு ரூபாய் போட்டால் அதற்கு எட்டணாவாவது போடுங்கள்.

ஆர்.சி. விஷயமும் பாருங்கள். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதியில் 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ நம்பர் தருகிறார்கள், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி மூல வடிவத்தில், பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் தகரப் பாடிக்கு அது கிடைக்குமென்று நம்பி உட்காராதீர்கள். டிராக்குக்கு டெம்போவில் ஏற்றிப் போவதுதான் நிம்மதி.

தோப்புக்காரன் (நான்கு மாதம் கழித்து)

மாங்காய் சீசன் நடுவில் வந்துவிட்டதால் தாமதம். எஞ்சின் ஓடுகிறது!

சுருக்கமாகச் சொன்னால், 060 பிஸ்டன் ஜே.சி. ரோட்டில் மூன்றாவது நடையில் கிடைத்தது. நான்கில் ஒன்று 5 கிராம் கனம், உள்பக்கம் சுரண்டிச் சரிசெய்தேன். ஹெட் சாய்வு 16 தவ். யார் அடித்த பேஸிங் என்று மாமாவுக்குத் தெரியும் போலிருக்கிறது, கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கிராங்க் முகம் கீறியிருந்தது, தேய்த்து ஓவர்சைஸ் வாஷர் போட்டேன், ஆட்டம் 6 தவ்.

போன ஞாயிறு கொட்டகை வாசலில் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பூட்டி ஸ்டார்ட் செய்தோம். புது கேம் என்பதால் ஐடிலில் விடாமல் 2000த்துக்கு மேலேயே 20 நிமிடம் ஓட்டினேன். சைலன்சர் கிடையாது. 1-4, 2-3 என்று சேர்த்து நானே வெல்டு வைத்த பைப். பக்கத்துத் தோப்பில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணியை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள். மாமா நாற்காலியை எக்ஸாஸ்ட் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 20 நிமிடமும் ஒன்றும் பேசவில்லை. நிறுத்தின பிறகு, ‘அந்த எஸ்.யூ. ரெண்டும் ஒத்து இழுக்கல, குழாயை காதுல வெச்சுக் கேளு’ என்றார். ஹோஸ் பைப்பைக் காதில் வைத்துக் கேட்டால் பின்னால் இருப்பது சத்தம் குறைவு. காது மந்தம் என்று வீட்டில் யார் முதலில் சொன்னார்களோ தெரியவில்லை.

இப்போது எஞ்சின் காரில் ஏறிவிட்டது. ஒரே ஒரு தொல்லை. தோப்புப் பாதையில் மெதுவாக ஏற்றினால் 4500 வரை வழவழவென்று போகிறது. சட்டென்று மிதித்தால் மட்டும் ‘உக்’ என்று ஒரு நொடி மூச்சு முட்டி, அப்புறம்தான் எகிறுகிறது. இ20 மெலிவு என்று நினைத்து பெட்ரோலைக் கூட்ட இரண்டு கார்புரேட்டரிலும் ஜெட் நட்டை ஐந்து முகம் (நட்டின் ஆறு பக்கத்தில் ஐந்து) இறக்கிவிட்டேன். ‘உக்’ போகவில்லை, பிளக் மட்டும் கரிக்கட்டை ஆகிவிட்டது. இரண்டு ஞாயிறு போயிற்று. ஊசியை மாற்ற வேண்டுமா? டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிரிங்கா?

மெயின்ஜெட், தர்மபுரி

ஊசிக்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி அண்ணா. எஸ்.யூ. தலையில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் கூடவே ஒரு தண்டு வரும். அந்தக் குழலில் எண்ணெய் இருக்கிறதா? அது இல்லையென்றால் மிதித்ததும் உள்ளே உள்ள பிஸ்டன் ஒரேயடியாக மேலே குதித்துவிடும், காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்னாலேயே வரும்.

தோப்புக்காரன்

இரண்டும் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. பஞ்சாங்கத்தோடு பரணில் இருந்ததில் ஒரு சிலந்திக் கூடு வேறு.

எண்ணெய் விட்டாயிற்று, ‘உக்’ போயாயிற்று. இறக்கின ஐந்து முகத்தையும் இப்போது திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன். லேத் ஐயா, சிரிக்காதீர்கள்.

பழைய லேத், ஓசூர்

சிரிக்கலை. 20 நம்பர் எண்ணெய் போதும், நிரம்ப விடாதே.